பெயரில்லாமல் வந்த வாசிப்பு

மட்டாஞ்சேரி
12 நவம்பர் 2024

சுபாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். நான், லதா, ஸாதனா மூவரும் சௌக்கியம். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் குளிரில் அது கூடத்தான் செய்யும்.

போனில் பேசினால் நடுவில் சண்டை வந்து, நீயோ நானோ வைத்துவிடுகிறோம். அப்பா போன பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. கடிதமென்றால் நீ முழுசாகப் படிப்பாய்.

ஸாதனா உன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். பி.காம். முடித்த கையோடு, இனி பியானோதான் படிப்பேன் என்று பிடிவாதம். இப்போது காக்கநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பியானோ வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். மூன்று உருப்படிகளின் பதிவை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இணையதளத்தில் ஏற்றுகிற வேலையை எல்லாம் நானே செய்தேன். அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை கிடையாது.

அந்தப் பதிவுகளைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் நீ இருக்கிறாயா? உன்னோடு இன்னும் எத்தனை பேர் கேட்பார்கள்? சிபாரிசுக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கப்பல் கம்பெனி மானேஜர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவுக்குக் கொடுத்த பியானோ கூடத்தில் அப்படியே இருக்கிறது. நான் அதைத் திறந்து வருஷக்கணக்காகிறது. வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்குப் பின்னால் ஓடிவிட்டு வீடு திரும்பவே பொழுது சரியாக இருக்கிறது.

குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே.

கேசவ் அண்ணா

*

வின்னிபெக்
8 டிசம்பர் 2024

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். தோள் பரவாயில்லை. வெளியே எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. நான் நன்றாகவே இருக்கிறேன்.

போன வாரம் டொரண்டோவில் ஒரு கச்சேரி. பாதி அரங்கம் காலி. இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் விடிகாலை விமானம் பிடித்து வந்து நேரே வகுப்புக்குப் போனேன். சுபா கச்சேரி செய்கிறவள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்கிறீர்கள். உண்மையில் வாரத்தில் ஐந்து நாள் நான் மற்றவர்கள் தப்பாக வாசிப்பதைக் கேட்கிறவள்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், நான் குழுவில் இருக்கிறேன். மொத்தம் மூன்று பேர். முதல் சுற்றில் பெயர், ஊர், வயது, முகம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஓர் எண்ணும் வாசிப்பும் மட்டும் வரும். மூவரும் சம்மதித்தால்தான் அடுத்த சுற்று. அதில் ஐந்து பேராசிரியர்கள் முன்னால் நேரில் வந்து வாசிக்க வேண்டும்.

என் அண்ணா மகள் விண்ணப்பித்திருக்கிறாள் என்று எங்கள் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவளுடைய வாசிப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டால் நான் விலகிக்கொள்ள வேண்டும் என்றார். ஸாதனா வாசித்து நான் கேட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. புரியும் என்று தோன்றவில்லை.

இனி இதைப் பற்றி என்னிடம் கேட்காதே அண்ணா. மன்னியின் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று எழுது.

சுபாஷிணி

*

வின்னிபெக்
14 ஜனவரி 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன்.

ஒரு சில விஷயங்கள் தெரிய வேண்டும். ஸாதனாவின் வாசிப்பை எங்கே பதிவு செய்தீர்கள்? நம் வீட்டுப் பியானோவிலா? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? நீ ஏற்றுவதற்கு முன்பு அவள் அதைக் கடைசியாக ஒரு தடவை கேட்டாளா?

ஏன் என்று கேட்காதே. பதிலை மட்டும் எழுது. ஸாதனாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

சுபாஷிணி

*

மட்டாஞ்சேரி
6 பிப்ரவரி 2025

சுபாவுக்கு ஆசீர்வாதம். லதாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தங்கைதான் எழுதினாளா, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து யாராவது எழுதினார்களா என்று சந்தேகமாகிவிட்டது. எங்கே, யார், எப்போது! என் பெண் என்ன திருடிக்கொண்டு வந்தாளா? பதிவு பதிவுதான். பியானோ பியானோதான். எந்த அறையில் என்பதா உங்கள் பல்கலைக்கழகத்துக்கு முக்கியம்?

எண் மட்டும்தான் வரும், ஆள் தெரியாது என்று போன கடிதத்தில் எழுதினாய். தெரியாதென்றால் இந்தக் கேள்விகள் எதற்கு? நீ எதையோ மறைக்கிறாய் சுபா. லதாவும் அதையேதான் சொன்னாள்.

இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது ஒன்றே ஒன்று. மற்ற இரண்டு பேரும் என்ன சொன்னார்கள்?

உடம்பைக் கவனித்துக்கொள்.

கேசவ்

*

வின்னிபெக்
24 பிப்ரவரி 2025

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம்.

இது வருவதற்குள் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். ஸாதனாவுக்கு இந்த வருஷம் இடம் இல்லை. என் வருத்தத்தை அவளிடம் சொல். அவளுக்கு வயது இருக்கிறது. அடுத்த வருஷம் திரும்ப முயற்சி செய்யலாம்.

யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் வெளியே சொல்லக்கூடாது. மேற்கொண்டு யாரும் எதுவும் எழுதிக் கேட்காமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. இதை மட்டும் நம்பு.

சுபாஷிணி

*

மட்டாஞ்சேரி
20 மார்ச் 2025

சுபாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய்.

யாரும் எழுதிக் கேட்காமல் இருப்பது ஸாதனாவுக்கு நல்லதா, உனக்கு நல்லதா? மின்னஞ்சலில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை என்று. அப்படியானால் யாரோ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், யாரோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னது யார் என்பதற்கு நான் ஜோசியரிடம் போக வேண்டியதில்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு பியானோக்காரி போதும் என்று நினைத்தாயா? லதா என்னிடம், "உங்க தங்கைக்கு இங்கேர்ந்து இன்னொருத்தர் அங்கே வந்து நின்னா பொறுக்காது" என்றாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே டீச்சரிடம்தான் போனோம். லண்டன் பியானோ பரீட்சைக்கு அப்பா உன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார். என்னைக் கப்பல் கம்பெனியில் சேர்த்துவிட்டார். நான் வாசித்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு, சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு அடங்கியிருக்கும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மறுபடி கேட்கிறேன். மற்ற இருவரும் என்ன சொன்னார்கள்? அதைச் சொல்ல முடியாவிட்டால் நீ எனக்கு எழுத வேண்டாம்.

கேசவ்

*

காக்கநாடு
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஸாதனா, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கு உடம்பு சுகம்தானே? என் தமிழில் தப்பு இருக்கும், க்ஷமிக்கணும். மலையாளம் என்றால் எனக்கு எளுப்பம், ஆனால் நீங்கள் படித்து நாளாகியிருக்கும்.

அப்பாவும் நீங்களும் இப்போது எழுதிக்கொள்வதில்லை என்று அம்மா சொன்னாள். அதில் நான் தலையிடவில்லை. எனக்கு ஒரு சம்சயம் மட்டும் இருக்கிறது. அதைத் தீர்த்து வையுங்கள்.

நீங்கள் என் வாசிப்பைக் கேட்டீர்களா? மூன்றையும் முழுசாகக் கேட்டீர்களா?

நான் அதை எங்கள் பள்ளிக்கூடத்துப் பியானோவில் வாசித்தேன். வீட்டுப் பியானோ எனக்குக் கிடைப்பது கஷ்டம். அப்பா வல்லார்பாடத்திலிருந்து வந்ததும் தினமும் ஜன்னலை அடைத்துவிட்டு அதில் உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது உருப்படி நடுவில் கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. நான் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தோடு வாசித்தது பிறகு கேட்கும்போது எனக்குப் பிடித்திருந்தது. மாற்ற வேண்டாம், இப்படியே அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கொடுத்தேன். ஜெனரேட்டருக்காகவா வேண்டாம் என்றீர்கள்?

முடிவு தப்பு என்று தோன்றினால், பதிவைத் திரும்பக் கேட்கச் சொல்லி ஜூன் கடைசிக்குள் மனு கொடுக்கலாம் என்று உங்கள் இணையதளத்தில் இருக்கிறது. நான் கொடுக்கப் போகிறேன். அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார். நீங்களும் யாரும் எழுதக்கூடாது என்று சொன்னீர்களாம். இரண்டு பேரும் ஏன் ஒரே மாதிரி பேசுகிறீர்கள்?

உங்கள் பதிலுக்குக் காத்திருந்து அப்புறம் கொடுக்கிறேன்.

ஸாதனா

*

வின்னிபெக்
15 மே 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். எழுத வேண்டாம் என்று சொன்னாய். எழுதாமல் இருக்க முடியாது. தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன்.

ஸாதனா எனக்கு எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பியானோ, நடுவில் ஜெனரேட்டர். நான் கேட்ட முப்பது நாற்பது பதிவுகளில் எதிலும் ஜெனரேட்டர் இல்லை. ஆனால் ஒன்றில், வாசிப்புக்குப் பின்னால், நம் வீட்டுப் பக்கம் பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்கு லாரி பின்னோக்கி வரும்போது எழுப்புகிற ஒலி இருந்தது. அந்த ஒலி அடங்கும்வரை வாசிப்பவர் அடுத்த சுரத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தார். சின்ன வயசுக்காரர்கள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவான இடங்களில் இடது கை வலது கைக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுந்தது. அதற்காக டீச்சர் பென்சிலால் யார் மணிக்கட்டில் தட்டுவாள் என்று எனக்கு நினைவில்லையா அண்ணா? அது நீ வாசித்தது. பியானோவைத் திறந்து வருஷக்கணக்காகிறது என்று எழுதினாயே.

விலகிக்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மற்ற இருவரும் கேட்டு முடிவெடுப்பார்கள். தப்பித்தவறி அந்த எண் அடுத்த சுற்றுக்குப் போனால், ஸாதனா இங்கே ஐந்து பேராசிரியர்கள் முன்னால் வந்து உட்காருவாள். முதல் வரியிலேயே குட்டு வெளிப்படும். மோசடி செய்தவள் என்று அவள் பெயரை எழுதிவிடுவார்கள். எதுவும் தெரியாத பெண். அதனால் விலகாமல் உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுதினேன். இவர் முழுசாகத் தேறிவிட்டவர், இனி கற்றுக்கொள்ள இடமில்லை என்று காரணம் சொன்னேன். அது விதிக்கு விரோதம். தெரிந்தேதான் செய்தேன்.

முதலில் உன்னைச் சந்தேகப்பட்டேன். பிறகு நீயும் அவளும் சேர்ந்து செய்தீர்களோ என்று அவளையும் சந்தேகப்பட்டேன். அவள் கடிதம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியாது என்று நிச்சயமாயிற்று. நான்கு மாதம் அந்தக் குழந்தையை மனசுக்குள் திருடியாக வைத்திருந்திருக்கிறேன்.

அவள் மனு கொடுத்தால் பதிவை அவளுக்கே போட்டுக் காட்டுவார்கள். அதற்கு முன் நீயே சொல்லிவிடு. மற்ற இருவரும் என்ன சொன்னார்கள் என்று மூன்று மாதமாகக் கேட்கிறாய். ஸாதனாவிடம் சொல்லிவிட்டேன் என்று நீ எழுதும்வரை அதை நான் சொல்ல மாட்டேன்.

சுபாஷிணி

*

மட்டாஞ்சேரி
10 ஜூன் 2025

சுபாவுக்கு ஆசீர்வாதம்.

மழை பிடித்துக்கொண்டது. லதா என்னோடு பேசுவதில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

சொல்லிவிட்டேன். வைட்டிலாவில் பஸ் இறங்குகிறவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. சிக்னலுக்கு முன்னால் ஓரமாக நிறுத்திச் சொன்னேன். அவள் வைப்பர் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்னோடது யாரும் கேக்கவே இல்லை" என்றாள்.

உன் வாசிப்பும் நன்றாகத்தான் இருந்தது என்று ஏதோ சொன்னேன்.

"நன்னாயிருந்தா பின்னே எதுக்கு மாத்தினேள்?"

கதவைத் திறந்து இறங்கி, குடையைக்கூட எடுக்காமல், எதிர்ப்பக்கம் போய்க் காக்கநாடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். இப்போது கூட வேலை பார்க்கிற டீச்சரோடு தங்கியிருக்கிறாள். லதாவுக்கு மட்டும் போன் செய்கிறாள்.

உனக்காவது பதில் சொல்ல வேண்டும். அவள் பதிவைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஜெனரேட்டர் சத்தம் எனக்கு உறுத்தியது. இன்னும் நன்றாக எடுக்கலாம் என்று காட்டத்தான் அதே மூன்றையும் நான் வாசித்துப் பதிவு செய்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அனுப்பும்போது திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கை தவறவில்லை. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், வயது வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஐம்பத்து நாலு வயதுக்காரனுக்கு இப்படி ஒரு கதவு இன்னொரு தடவை திறக்காது என்று தோன்றியது. நேரில் வாசிக்க வேண்டிய நாளுக்குள் ஸாதனா தேறிவிடுவாள் என்றும் நினைத்தேன். அந்த நேரத்தில் அவளைப் பற்றி நான் நினைத்தது அவ்வளவுதான்.

உன்மேல் கோபப்பட்டதெல்லாம் அவளுக்காக என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் கேட்ட கேள்வியை நீ மறந்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

கேசவ்

*

வின்னிபெக்
4 ஜூலை 2025

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். இங்கே வெயில் காலம் வந்துவிட்டது. தோளுக்கும் சுகம்.

தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் என்னை எதிரில் உட்கார வைத்து எழுதிக்கொண்டார். வேலை போகவில்லை. நுழைவுத் தேர்வுக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் இங்கே நான் வாசிக்க வேண்டிய கச்சேரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸாதனாவுக்கு இதில் பங்கில்லை என்று என்னிடமிருந்த அவள் கடிதத்தைக் காட்டினேன். அடுத்த வருஷம் அவள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். மனு எதுவும் அவள் கொடுக்கவில்லை.

அவளே தன் பதிவை எனக்கு நேராக அனுப்பினாள். "அத்தையாக வேண்டாம், தெரியாத ஆளாகக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. கேட்டேன். அண்ணா, உன் வாசிப்பு அளவுக்கு அது சுத்தமில்லை. முதல் உருப்படியில் அவசரம், மூன்றாவதில் பயம். ஆனால் ஜெனரேட்டர் வந்ததும் அவள் அதற்கு மேலே சத்தம் எழுப்பப் போகவில்லை. அதற்குக் கீழே இறங்கி, இன்னும் மெதுவாக, அந்த இரைச்சலையே துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. என் மேஜைக்கு அது எண்ணாக வந்திருந்தால் நான் எடுத்திருப்பேன். இதை அவளுக்கும் எழுதிவிட்டேன், குறைகளையும் சேர்த்து.

இனி நீ மறந்துவிடச் சொன்ன கேள்வி. நீ ஸாதனாவிடம் சொல்லிவிட்டாய், அதனால் நான் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள், தனித்தனியாக எழுதினார்கள். இரண்டு பேரும் உனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் முப்பது வருஷமாக யாருக்கும் அதைக் கொடுக்காதவர். இவரை நேரில் கேட்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்.

அதைத் தடுத்தது நான். ஸாதனாவுக்காகத்தான் தடுத்தேன். ஆனாலும் தடுத்தது நான்தான்.

சுபா

*

மட்டாஞ்சேரி
3 ஆகஸ்ட் 2025

சுபாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. லதா படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். அன்று நான் வல்லார்பாடத்துக்குப் போகவில்லை. கடைசிப் பாராவைப் பற்றி இப்போது எழுதத் தெரியவில்லை. உன் கச்சேரி போனதற்கு வருத்தம் என்று மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காக்கநாட்டுக்குப் போனேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை. வாட்ச்மேன், டீச்சர் மாடியில் ப்ராக்டீஸ் செய்கிறாள் சாரே, போய்க்கோ என்றான். கதவு பாதி திறந்திருந்தது. நான் வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். வாசிப்பை நிறுத்தினாள். அத்தை எல்லாம் எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

பிறகு, "உள்ளே வந்து உக்காருங்கோ. ஆனா ஒண்ணும் சொல்லப்படாது" என்றாள்.

குழந்தைகள் உட்காருகிற சின்ன நாற்காலிதான் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அவள் மூன்றையும் முதலிலிருந்து வாசித்தாள். முதலாவதில் அவசரம் இருந்தது, நீ சொன்னது சரி. மூன்றாவதில் ஓரிடத்தில் தடுக்கியது. கையை எங்கே வைத்தால் தடுக்காது என்று எனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேசவ் அண்ணா